புகைப்பழக்கத்தை விட்டொழிக்க மூலிகைகள் உதவுமா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "சார், நீங்களும் முன்னாடி சிகரெட் பிடிச்சவருதான், அப்புறம் விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேலே போறாரு. போன மாசம் எக்ஸ்ரே பார்த்துட்டு டாக்டர் கண்டிச்சு அனுப்பிச்சாரு. கடையிலே மூலிகை சிகரெட்னு ஒண்ணு விக்கிறாங்க, அதுலே புகையிலையே கிடையாதாம். வாங்கிக் கொடுக்கலாமா? இல்லே, வேற பச்சிலை ஏதாவது இருக்கா?"

நின்ற இடத்தில் நாலு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இதே கேள்வி நாக்பூரில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இருக்கும் என்பதால் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். நான் டாக்டரும் அல்ல, சித்த வைத்தியரும் அல்ல. தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோ எஞ்சினீயர். ஆனால் 27 ஆண்டுகள் புகைத்தவன். மூன்று முறை விட முயன்று, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை, 2003-இல், விட்டவன். தோற்ற இரண்டு முறையும் மூலிகையின் பெயரால்தான் தோற்றேன். வென்ற முறையிலும் மூலிகை உண்டு. அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

உடலுக்குள் நடப்பது என்ன?

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகையை உள்ளே இழுத்த பத்து இருபது விநாடிகளுக்குள் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே சில நரம்பு முனைகளைத் தட்டி, டோபமின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. அதுதான் அந்த 'அப்பாடா' உணர்ச்சி. இரத்தத்தில் ஏறிய நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறைந்ததும் மூளை மறுபடி கேட்கும். ஒரு நாளில் பத்து, பதினைந்து என்று சிகரெட் ஏறுவது இந்தக் கணக்கினால்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும்? எரிச்சல், கோபம், தூக்கமின்மை, கவனம் சிதறுதல், அகோரப் பசி, சிலருக்கு மலச்சிக்கல். முதல் மூன்று நாளில் இது உச்சத்தில் இருக்கும். ஒரு வாரம் கழித்துத் தணியத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும்; பசி மட்டும் இன்னும் சில காலம் இருக்கும். இன்னொரு செய்தி மிக முக்கியம். "இப்போதே ஒன்று பிடித்தாக வேண்டும்" என்கிற தவிப்பு நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அலைபோல வரும், சில நிமிடங்கள் நிற்கும், சிகரெட் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் போய்விடும். புகைப்பவருக்கு இது தெரியாது. ஏனென்றால் அந்தச் சில நிமிடங்களை அவர் ஒருநாளும் காத்திருந்து பார்த்ததில்லை.

ஆக, மூலிகையிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியது இரண்டு. ஒன்று, அந்தச் சில நிமிட அலையைக் கடத்திவிட வேண்டும். இரண்டு, அந்த மூன்று நான்கு வாரத்தைத் தாண்ட உதவ வேண்டும். இதற்கு மேல் "இரத்தத்திலுள்ள நிகோடினை முறிக்கும்", "நுரையீரலைக் கழுவிவிடும்" என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நிகோடினை முறிக்க மருந்தே வேண்டாம். புகைப்பதை நிறுத்தினால் உடலே சில நாளில் அதை வெளியேற்றிவிடும்.

புகையிலையும் ஒரு மூலிகைதான்

மூலிகை என்றாலே தீங்கில்லாதது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புகையிலையின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்த நினைப்பு போய்விடும். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. 1560 வாக்கில் போர்ச்சுகல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, பல நோய்களுக்கும் மருந்து என்று நம்பி அதைத் தம் நாட்டு அரச குடும்பத்துக்கு அனுப்பி வைத்தார். நிகோடின் என்ற பெயரே அவரிடமிருந்து வந்ததுதான். நம் நாட்டுக்குப் போர்ச்சுகீசியர் கொண்டு வந்தார்கள். பீஜப்பூரிலிருந்து திரும்பிய அசத் பேக் என்ற அதிகாரி அதை அக்பருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அக்பர் ஆசையாக ஒன்றிரண்டு இழுப்பு இழுக்க, அரண்மனை வைத்தியர் தடுத்தார். அவர் மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகைப்பதற்குத் தடையே போட்டார். யார் கேட்டார்கள்! முன்னோர் மருந்து என்று கொடுத்த செடி நானூறு வருஷமாக நம்மை விடவில்லை.

மூலிகை சிகரெட்

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். மூலிகை சிகரெட்டை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

1996-இல் என் முதல் முயற்சி இதுதான். ஒரு கண்காட்சியில் வாங்கினேன். துளசி, அதிமதுரம், இலவங்கப்பட்டை, இன்னும் என்னென்னவோ சேர்த்தது என்று அட்டையில் எழுதியிருந்தது. புகையிலை இல்லை, உண்மைதான். ஆனால் எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். துளசியை எரித்தாலும் வரும், வைக்கோலை எரித்தாலும் வரும். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் தீங்கு போகவில்லை. இன்னொரு பக்கம், நிகோடின் இல்லாததால் தவிப்பும் அடங்கவில்லை. அதே சமயம் விரலிடுக்கில் பிடிப்பது, பற்றவைப்பது, இழுப்பது என்ற பழக்கம் ஒன்றுகூட மாறவில்லை. பதினோராம் நாள் மூலிகை சிகரெட் தீர்ந்துபோயிருந்தது, கடை பூட்டியிருந்தது, பக்கத்துப் பெட்டிக்கடை திறந்திருந்தது. அவ்வளவுதான்.

சரகர் நூலிலேயே மூலிகைப் புகை குடிக்கும் சிகிச்சை இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கிறது. அது குறிப்பிட்ட வேளையில் மட்டும் செய்வது. டீக்கடை வாசலில் நின்று நாளைக்கு இருபது தடவை செய்வதல்ல. இன்னும் சிலர் ஆஸ்துமாவுக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கும் பழைய கிராமத்துக் கைமருந்தைச் சிகரெட்டுக்கு மாற்றாகச் சொல்கிறார்கள். ஊமத்தை விஷம். புத்தி பேதலிக்கும், உயிரும் போகலாம்.

பீடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதர்ப்பக் காடுகளில் கிடைக்கும் தெண்டு இலையில் சுற்றியது, இயற்கையானது, காகிதமும் ரசாயனமும் இல்லை என்று சொல்லிச் சிகரெட்டிலிருந்து பீடிக்கு மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பீடி அடிக்கடி அணைந்துபோகும். அணையாமலிருக்க அதிகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் விஷம் சிகரெட்டைவிடக் கூடுதலே தவிரக் குறைவல்ல.

புகை இல்லாவிட்டால் போதுமா?

எழுத மனம் வராத பகுதி இது. ஆனாலும் எழுதுகிறேன்.

1996-இல் என்னோடு சேர்ந்து புகையை விட முடிவு செய்த நண்பர் ஒருவர் இருந்தார். என் பக்கத்து செக்‌ஷனைப் பார்த்தவர், மராட்டியர், என்னைவிட நாலு வயது இளையவர். மூலிகை சிகரெட் இருவருக்கும் உதவவில்லை. மூன்று வருஷம் கழித்து இரண்டாம் முயற்சி. "புகைதானே கெடுதல், வாயில் போட்டால் என்ன" என்று எனக்கு யாரோ சொன்னார்கள். இந்த ஊர் கர்ரா பற்றி உங்களுக்குத் தெரியும். சீவல் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் பிளாஸ்டிக் காகிதத்தில் வைத்துத் தேய்த்துத் தருவார்கள். பாக்கு ஜீரணத்துக்கு நல்லது, சுண்ணாம்பு எலும்புக்கு நல்லது என்று விளக்கம் வேறு. முதல் பொட்டலத்தை வாங்கியவன் நான். பாதியை அவர் கையில் கொடுத்தவனும் நான்தான். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, தலை சுற்றியது. நாலே நாளில் சிகரெட்டுக்கே திரும்பிவிட்டேன். அவருக்கு ஒத்துக்கொண்டது. சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். பத்து வருஷம் கழித்து வாய் முழுதாகத் திறக்கவில்லை என்றார். பிறகு தாடையில் புண். அறுவை சிகிச்சை செய்தார்கள். 2011-இல் போய்விட்டார்.

புகையிலை கலக்காத வெறும் பாக்கு மசாலாவும் மாற்று அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-இல் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று தீர்மானித்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் 2012-இல் குட்காவைத் தடை செய்தார்கள். 2016-17-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைப்பவர்கள், 21.4 சதவீதம் பேர் மெல்லுதல் முதலிய வகையில் புகையில்லாப் புகையிலை உபயோகிப்பவர்கள். அதாவது இரண்டு பங்கு. சிகரெட்டை விட்டு இந்தப் பக்கம் வருவது, ஒரு தண்டவாளத்திலிருந்து இறங்கி மறு தண்டவாளத்தில் நிற்பது போலத்தான்.

சோதித்துப் பார்க்கப்பட்ட செடிகள்

அப்படியானால் எந்தச் செடியுமே உதவாதா? உதவும் என்று சோதனையில் தெரிந்தவையும் உண்டு. ஆனால் பெயர்க் குழப்பத்தால் ஆபத்து வரக்கூடிய இடமும் இதுதான்.

முதலாவது, ஐரோப்பாவில் வளரும் லாபர்னம் என்ற மரம். அதன் விதையில் சைட்டிசின் என்ற சத்து உண்டு. மூளையில் நிகோடின் தட்டும் அதே நரம்பு முனைகளை இதுவும் தட்டும், ஆனால் அரைகுறையாக. அதனால் தவிப்பு தணியும். அந்த நேரம் சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது. இரண்டாம் உலகப் போரில் புகையிலை கிடைக்காதபோது சிப்பாய்கள் இந்த மரத்து இலையைப் புகைத்திருக்கிறார்கள். பல்கேரியாவில் 1964 முதல் மாத்திரையாகவே விற்கிறது. போலந்தின் வார்சா நகரில் 740 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனையில், 25 நாள் சைட்டிசின் சாப்பிட்டவர்களில் ஒரு வருஷம் புகைக்காமலிருந்தவர்கள் 8.4 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.4 சதவீதம். மூன்று மடங்குக்கு மேல். ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தோற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் 1,310 பேரிடம் செய்த சோதனையில் (2014) ஒரு மாத முடிவில் நிகோடின் சூயிங்கம், பட்டை முதலியவற்றைவிடச் சைட்டிசின் மேலாக இருந்தது: 40-க்கு 31 சதவீதம். 2006-இல் வந்த வரெனிக்லின் என்ற மாத்திரையும் சைட்டிசினைப் பார்த்து அமைத்ததுதான். 2024-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில் இரண்டுமே இடம்பெற்றுள்ளன.

இங்கேதான் எச்சரிக்கை. நம் சரக்கொன்றைக்கு, இங்கே அமல்தாஸ் என்கிறார்களே அந்த மஞ்சள் பூ மரத்துக்கு, ஆங்கிலத்தில் 'இந்தியன் லாபர்னம்' என்று பெயர். பூங்கொத்து ஒரே மாதிரி தொங்குவதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர். இரண்டும் வேறு வேறு மரங்கள். சரக்கொன்றைக் காயில் உள்ளது பேதி மருந்து. புகைப்பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாரோ எதையோ படித்துவிட்டு அமல்தாஸ் காயை இடித்துக் குடித்தால் பலன் கக்கூஸில்தான் தெரியும். உண்மையான லாபர்னம் விதையோ விஷம். வீட்டில் இடித்துச் சாப்பிடக் கூடியதல்ல. அளவு கட்டிய மாத்திரையாக, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே.

இதே மாதிரி இன்னொரு பெயர், 'இந்தியன் டுபாக்கோ'. லொபீலியா என்ற அமெரிக்கச் செடி. இங்கே இந்தியன் என்றால் செவ்விந்தியர், நாமல்ல. அதன் இன வகை ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது, காட்டுப்புகையிலை என்பார்கள். இதிலுள்ள லொபெலின் நிகோடினைப் போல வேலை செய்யும் என்று பல காலம் மாத்திரையாக விற்றார்கள். நீண்டகாலப் பலன் இருப்பதாக நிரூபணமாகவில்லை. அமெரிக்க அரசு 1993-இல் அத்தகைய மருந்துகளின் விற்பனையையே நிறுத்தியது. அளவு மிஞ்சினால் வாந்தியும் வலிப்பும் வரும்.

மூன்றாவது நம் ஊர்ச் செடி. பூவாங்குறுந்தல், இங்கே சகதேவி என்பார்கள். முழங்கால் உயரம், சின்னச் சின்ன ஊதாப் பூ, பிறகு வெள்ளைப் பஞ்சு போல் விதை பறக்கும். தண்டவாள ஓரத்தில் நான் ஆயிரம் தடவை மிதித்துப்போன செடி. இதன் கஷாயத் தேநீரைத் தாய்லாந்தில் புகை விடுவதற்கென்றே கொடுக்கிறார்கள். அந்நாட்டு அரசின் அத்தியாவசிய மூலிகை மருந்துப் பட்டியலிலேயே 2012-இல் சேர்த்திருக்கிறார்கள். குடித்தால் நாக்கு லேசாக மரத்து, சிகரெட்டின் ருசி மாறிவிடுகிறது. செய்த சோதனைகள் சிறியவை; ஆனால் சேர்த்துப் பார்த்தால் இரண்டு மூன்று மாதக் கணக்கில் ஓரளவு பலன் தெரிகிறது. பொட்டாசியம் மிகுந்த செடி என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருதய நோயாளிகளும் தொடக் கூடாது. மற்றவர்கள் சித்த, ஆயுர்வேத வைத்தியரைக் கேட்டுச் சாப்பிடலாம். தயவுசெய்து ரயில் பாதை ஓரத்தில் மட்டும் பறிக்காதீர்கள். களைக்கொல்லி தெளிப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. பெட்டிகளிலிருந்து முன்பெல்லாம் வேறு என்னென்ன விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது மிளகு! அமெரிக்காவில் 48 பேரை இரவு முழுவதும் சிகரெட் இல்லாமல் இருக்க வைத்து, மறுநாள் சிகரெட் போன்ற ஒரு குழாய் வழியாக மிளகு எண்ணெயின் ஆவியை இழுக்கச் செய்தார்கள் (1994). வெறுங்குழாயை இழுத்தவர்களைவிட இவர்களுக்குத் தவிப்பும் படபடப்பும் குறைவாக இருந்தன. தொண்டையிலும் நெஞ்சிலும் உறைக்கும் அந்த உணர்ச்சியைத்தான் புகைப்பவன் பாதி தேடுகிறான் என்பது இதிலிருந்து தெரிகிறது. நமக்குக் குழாய் வேண்டாம். சுடச்சுட மிளகு ரசம் ஒரு டம்ளர், ஆவியை முகர்ந்தபடி மெதுவாகக் குடித்தால் ஏறக்குறைய அதே உறைப்பு. மாலை நேரத் தவிப்புக்கு என்னைக் காப்பாற்றியது இதுதான்.

நான் செய்த முறை

மும்பையிலிருந்து நாக்பூர் வரும் வண்டிகள் கசாராவில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து இகத்புரி வரை 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதனால் வண்டியின் பின்னால் 'பேங்கர்' எஞ்சின்களைச் சேர்த்துத் தள்ளுவார்கள். மேலே ஏறியதும் கழற்றிவிடுவார்கள். பேங்கர் இல்லாமல் பாரவண்டி ஏறாது. ஆனால் முன்னால் எஞ்சினே பூட்டாமல் பேங்கரை மட்டும் வைத்து யாரும் வண்டியைக் கிளப்புவதில்லை. முதல் இரண்டு முறையும் நான் அப்படித்தான் கிளப்பினேன்.

மூன்றாம் முறை, தேதி குறித்தேன். இன்றிலிருந்து பதினைந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடைப்பட்ட நாட்களில் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு சிகரெட்டையும் நேரத்தோடு குறித்தேன். ரயில்வேக்காரனுக்கு ரிஜிஸ்டர் எழுதுவது கைவந்த கலை. பார்த்தால் பதினெட்டில் பதின்மூன்று, காப்பிக்குப் பின், சாப்பாட்டுக்குப் பின், கண்ட்ரோலிலிருந்து லைன் பிளாக் கிடைக்கக் காத்திருக்கும்போது என்று இந்த மூன்று சமயத்தில் வந்தவை. ஆக, எதிரி வரும் நேரம் தெரிந்துவிட்டது. வீட்டாரிடமும் கேங்மேன்களிடமும் தேதியைச் சொன்னேன். சாம்பல் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தேன்.

அடுத்து வாய்க்கு ஏற்பாடு. இந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாளிடம் கற்றுக்கொண்டாள். ஓமம் 50 கிராம், பெரிய சோம்பு 50 கிராம் எடுத்து, இரண்டு எலுமிச்சம்பழச் சாற்றில் ஒரு தேக்கரண்டி கறுப்பு உப்பைக் கரைத்து அதில் பிசறி, இரவு மூடி வைத்து, மறுநாள் நிழலில் உலர்த்தி, இரும்புத் தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் மொறுமொறுவென்று வரும்வரை வறுத்துக்கொள்வது. சட்டைப் பையில் ஒரு சிறு டப்பாவில் எப்போதும் இருக்கும். தவிப்பு வந்ததும் அரைச் சிட்டிகை வாயில் போட்டு, விழுங்காமல் மெல்ல மென்றுகொண்டே கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐந்து நிமிடம். ஓமத்தின் காரம் நாக்கைப் பிடிக்கும். இது நிகோடினுக்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. கையும் வாயும் சும்மா இருக்காது, காரமும் வாசனையும் இருக்கும், செலவு சில ரூபாய், கெடுதல் இல்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அலுத்துப்போனால் மாற்றாக ஏலக்காய், ஒரே ஒரு கிராம்பு, காயவைத்த நெல்லிக்காய், இஞ்சித் துண்டு. குளிர்காலமானால் நம் ஊர் ஆரஞ்சு இருக்கவே இருக்கிறது. உரித்து நார் எடுத்துச் சுளை சுளையாகத் தின்பதற்குள் அலை போய்விடும்.

அதிமதுரக் குச்சியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். சிகரெட் மாதிரியே விரலில் பிடிக்கலாம், இனிப்பாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் நாள்தோறும் வாரக்கணக்கில் மென்றால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம்.

நம்மவர்களுக்கென்றே ஒரு விஷயம், காப்பி. புகையில் உள்ள சில பொருள்கள் ஈரலைத் தூண்டிவிட்டு, காப்பியிலுள்ள கஃபீனைச் சீக்கிரம் கழிக்க வைக்கின்றன. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்து, அதே அளவு காப்பிக்கு இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். "சிகரெட்டை விட்டதால் உடம்புக்கு ஆகவில்லை" என்று நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள். குற்றவாளி டபரா டம்ளரில் இருப்பது தெரியாது. நான் நாலு காப்பியை இரண்டாக்கினேன். சாப்பாட்டுக்குப் பின் சுக்குக் கஷாயம். இதே காரணத்தால் தியோஃபிலின் போன்ற சில மாத்திரைகளின் அளவையும் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் தேதி குறித்ததும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிளாக்குக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் மூலிகை எதுவும் பலிக்கவில்லை. எழுந்து ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்தை நடந்து பார்த்துவிட்டு வருவேன். வேகநடை தவிப்பைத் தணிக்கிறது என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. என் செக்‌ஷன் அந்த வருஷம் மிக நன்றாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன். முன்பெல்லாம் இத்தோடு கைவிட்டிருப்பேன். இம்முறை நோட்டில் அதையும் எழுதிவிட்டு மறுநாள் தொடர்ந்தேன்.

ஆள் துணை

சைட்டிசின் பற்றிச் சொன்னபோது விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்களாதேஷிலும் பாகிஸ்தானிலும் காசநோய்ச் சிகிச்சையில் இருந்த 2,472 புகைப்பவர்களிடம் அதே மருந்தைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உட்கார வைத்து ஆலோசனை சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சைட்டிசின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதம் கழித்து இரு தரப்பிலும் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் புகைக்காமலிருந்தார்கள். மருந்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் யாருடைய துணையுமின்றித் தானாக விட முயல்பவர்களில் ஆறு மாதம் தாண்டுபவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். அந்த நோயாளிகளுக்கு நோய் பயமும் இருந்தது, அது வேறு. ஆயினும் உட்கார்ந்து பேசும் ஓர் ஆளுக்கு இருக்கும் பலத்தை இது காட்டுகிறது.

அதற்கு அரசாங்கமே ஒரு தொலைபேசி எண் வைத்திருக்கிறது: 1800-11-2356. கட்டணமில்லை. 2016-இல் தில்லியில் தொடங்கினார்கள். பிறகு மற்ற மொழிகளிலும் பேச ஏற்பாடு செய்தார்கள், தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டின் மேலேயே 2018 முதல் இந்த எண்ணை அச்சிடுகிறார்கள். படத்தைப் பார்க்க விரும்பாமல் பாக்கெட்டைத் திருப்பி வைப்பவர்கள் எண்ணையும் பார்ப்பதில்லை. தவிப்பு மிக அதிகமாக உள்ளவர்கள், காலையில் கண் விழித்த அரை மணிக்குள் பற்றவைப்பவர்கள், ஓமத்தையே நம்பியிருக்காமல் டாக்டரிடம் சென்று நிகோடின் சூயிங்கமோ மாத்திரையோ கேட்டு வாங்குவது நல்லது. சூயிங்கமிலுள்ள நிகோடினும் செடியிலிருந்து வந்ததுதான். புகையும் தாரும் இல்லாமல், அளவோடு வருகிறது, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். வெறும் வயிற்றில் வேகமாக மென்றால் விக்கல் வரும். நாலு தடவை மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒன்று. முதல் ஒரு வாரம் அவர் எரிந்து விழுவார். பதிலுக்கு எரிந்து விழாதீர்கள். மோந்து பார்த்துச் சோதனை போடாதீர்கள். என் மனைவி அந்த வாரம் முழுவதும் மிளகு ரசம் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சகோதரிக்கு இதையெல்லாம் போன வாரம் நேரிலும் சொல்லிவிட்டு, ஓம டப்பா ஒன்றையும் கொடுத்தனுப்பினேன். அவர் கணவர் மறுநாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தேதி இன்னும் குறிக்கவில்லை என்றார். நோட்டு மட்டும் வாங்கியிருக்கிறாராம். முதல் நாள் கணக்கு இருபத்து மூன்று.